குரோட்டன் அணையிலிருந்து நாற்பத்திரண்டாம் தெரு வரை

குரோட்டன் பள்ளத்தாக்கு

நியூயார்க் நகரின் குடிநீரைத் தேடிச் செல்பவர் நகரத்துக்குள் தொடங்குவதைவிட, அதற்கு வடக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், குரோட்டன் ஆறு ஹட்சன் பேராற்றில் கலப்பதற்குச் சற்று மேலே அதை மறித்து நிற்கும் கல்லணையில் தொடங்குவது பொருத்தமானது. 1892இல் தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பட்ட புதிய குரோட்டன் அணை, கடைக்காலிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 90 மீட்டர் உயரம் கொண்டது. செதுக்கிய பாறைக்கற்களை அடுக்கி எழுப்பிய அதன் ஒரு புறத்தில், மிகைநீர் வழியும் கலிங்கு பெரும் படிக்கட்டு போல அமைந்திருப்பதால், ஏரி நிரம்பிய நாட்களில் நீர் படிக்குப் படி உடைந்து நுரைத்து இறங்குகிறது; மனிதர் வைத்த கல் எங்கே முடிகிறது, இயற்கைப் பாறை எங்கே தொடங்குகிறது என்பது கீழே நின்று பார்ப்பவருக்கு எளிதில் பிடிபடுவதில்லை. ஒரு நீர்த்தேக்கத்துக்கு இவ்வளவு அலங்காரம் வேண்டுமா என்ற கேள்வி எழத்தான் செய்யும். அந்தத் தலைமுறையினர் தம் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்ததை ஊரறியக் காட்டிக்கொள்ள விரும்பினார்கள் என்பதும், அதே தண்ணீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தை அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் மண்ணுக்கடியில் புதைத்து வைக்க நேர்ந்தது என்பதும் இப்பயணம் நெடுகிலும் உடன்வரும் முரண்.

அணையைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து குடியேறிய கூலித் தொழிலாளர்கள். 1900ஆம் ஆண்டில் அவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தியபோது, அன்று மாநில ஆளுநராகவும் அடுத்த ஆண்டே நாட்டின் அதிபராகவும் ஆன தியோடர் ரூஸ்வெல்ட் துணைப்படையை அனுப்பினார். படையினரில் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். வேலைநிறுத்தம் பலனின்றி முடிந்தது. தேங்கிய நீரின் அடியில் பண்ணைகளும் வீடுகளும் மூழ்கின. கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை வேறிடத்துக்கு மாற்றினர். 1842ஆம் ஆண்டுக்குரிய முதல் குரோட்டன் அணையும் இந்த ஏரிக்குள்தான் கிடக்கிறது.

இன்று அணையின் அடிவாரத்துப் பூங்காவில், அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் எக்வடார் நாட்டுக் குடும்பங்கள் கரியடுப்புடன் வந்து கூடுகின்றன. பக்கத்து ஊரான ஆசினிங்கில் அந்நாட்டவர் பெருந்தொகையாகக் குடியேறியிருக்கிறார்கள். வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்து, உள்ளே பாலாடைக்கட்டி வைத்து, வடை போலத் தட்டிச் சட்டியில் இரு புறமும் சிவக்கச் சுட்டெடுக்கும் லாப்பிங்காச்சோ என்ற பண்டத்தை, தமிழ் முகத்தோடு தயங்கி நிற்கும் அயலாருக்கும் ஒரு காகிதத் தட்டில் வைத்து நீட்டிவிடுகிறார்கள்; உடன் தரும் நிலக்கடலைச் சாறு நம்மூர்க் கடலைச் சட்னிக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம்.

ஏரிக்கரையில் மரங்களுக்கிடையே வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும் துடுப்புப் படகுகள் வேறொரு செய்தியைச் சொல்கின்றன. நகர நிர்வாகத்திடம் அனுமதிச் சீட்டு பெற்றவர் இங்கே மீன்பிடிக்கலாம். படகில் இயந்திரம் பொருத்தக் கூடாது. நீரில் இறங்கிக் குளிக்கவே கூடாது. தூண்டிலுடன் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர், நாற்பதாண்டுகளாக வந்தும் ஒருநாள்கூட முழங்கால் நனைத்ததில்லை என்று பெருமையோடு சொன்னார். இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் ஊருணி நீரில் கால் வைக்க விடாத கட்டுப்பாட்டை அறிந்தவருக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

ஏரியைச் சுற்றி மேப்பிளும் ஓக்கும் சிவந்தும் பழுத்தும் உதிர்ந்துகொண்டிருந்தன. அவற்றைக் காண்பதற்கென்றே நகரத்திலிருந்து கூட்டம் வருகிறது. ஆனால் குடிநீர்ப் பொறியாளரின் கண்ணுக்கு இந்த அழகு ஒரு தொல்லை. உதிர்ந்த இலையும் சதுப்பு நிலத்துத் தாவரங்களும் ஊறி மட்கும்போது கரையும் பொருள்கள் நீருக்கு இளந்தேநீரின் நிறத்தைத் தருகின்றன. அந்தச் சாயலைப் போக்குவதற்காக நகரம் செலவிட்ட தொகையை இப்பயணத்தின் பிற்பகுதியில்தான் கணக்கிட முடியும்.

ஆசினிங் முதல் டாப்ஸ் ஃபெரி வரை

குரோட்டன் நீர் நகரத்துக்கு வந்த கதைக்கு முன்கதை ஒன்று உண்டு. மன்ஹாட்டன் தீவின் நன்னீர்க் குளம் தோல் பதனிடும் பட்டறைகளாலும் குப்பையாலும் பாழான பின், 1799இல் ஏரன் பர் என்ற அரசியல்வாதி மன்ஹாட்டன் கம்பெனி என்ற குடிநீர் நிறுவனத்தைத் தொடங்கினார். மிஞ்சும் முதலைப் பிற தொழில்களில் இடலாம் என்றொரு வாசகத்தை அதன் உரிமைப் பத்திரத்தில் நுழைத்திருந்ததால், அது துளையிட்ட மரத்தடிகளைக் குழாயாகப் பதித்துக் கொஞ்சம் தண்ணீர் தந்துவிட்டு, வங்கி நடத்துவதில் முனைந்துவிட்டது. 1832இல் வாந்திபேதி ஏறத்தாழ 3,500 பேரைக் கொண்டுபோனது. 1835 டிசம்பரில் பிடித்த பெருந்தீயில் அறுநூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தபோது, உறைபனியில் ஆறும் குழாயும் இறுகிக்கிடந்தன. இவ்விரண்டுக்கும் பிறகே தொலைவிலிருந்து நீர் கொண்டுவரும் கட்டுமான வேலை தொடங்கியது.

ஜான் பி. ஜெர்விஸ் என்ற பொறியாளரின் தலைமையில் 1837 முதல் 1842 வரை கட்டப்பட்ட பழைய குரோட்டன் நீர்வழி, 66 கிலோமீட்டர் நீளமுள்ள செங்கல் சுரங்கம். குதிரை லாட வடிவில், எட்டரை அடி உயரமும் ஏழரை அடி அகலமும் கொண்ட இது, மைலுக்குப் பதின்மூன்று அங்குலம் மட்டுமே சரிந்து செல்கிறது. எக்கி எதுவும் இல்லாமல் நீர் தன் எடையாலேயே ஓடவேண்டும் என்பதால், ஐரோப்பாவில் ரோமானியர் கையாண்ட அதே உத்தியை ஜெர்விஸ் எடுத்துக்கொண்டு, குன்றைக் குடைந்தும் பள்ளத்தை மேடாக்கியும் அந்தச் சரிவைக் காத்தார். 1842 ஜூனில் முதன்முதலாக நீரைத் திறந்துவிட்டபோது, நால்வர் அமரும் சிறு படகொன்றுக்குக் குரோட்டன் மங்கை என்று பெயரிட்டு, முதல் நீரோட்டத்திலேயே சுரங்கத்துக்குள் மிதக்கவிட்டு ஆய்வு நடத்தினார்கள். விளக்கைப் பிடித்துக்கொண்டு இருட்டில் பல மணி நேரம் மிதந்த அந்த நால்வரின் மனநிலையை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

இன்று அந்தச் சுரங்கத்தின் முதுகின்மேல் ஒற்றையடிப் பாதை ஓடுகிறது. 1968 முதல் அது மாநிலப் பூங்கா. குரோட்டனிலிருந்து யாங்கர்ஸ் வரை 42 கிலோமீட்டர் நடந்து வருபவர் வீடுகளின் கொல்லைப்புறம், பள்ளிக்கூடத்து மைதானம், செல்வந்தரின் பழைய மாளிகைத் தோட்டம் என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்களை ஊடறுத்துச் செல்கிறார். மேற்கே மரங்கள் விலகும் இடங்களில் ஹட்சன் ஆறும் அதன் மறுகரையில் பேலிசேட்ஸ் என்ற செங்குத்துப் பாறைச் சுவரும் தெரிகின்றன. காலடியில் ஒரு சுரங்கம் இருப்பதற்கான அடையாளம், ஏறத்தாழ மைலுக்கு ஒன்றாக நிற்கும் கல்லாலான உருளைத் தூண்கள் மட்டுமே. உள்ளே காற்று புகுவதற்கும் அழுத்தம் தணிவதற்கும் வைத்த மூச்சுக்குழாய்கள் அவை. நகரத்துக்கான நீரோட்டம் 1955இல் நின்றுவிட்டது. வடபகுதி மட்டும் ஆசினிங்கின் தேவைக்காக 1987இல் மீண்டும் திறக்கப்பட்டது.

டாப்ஸ் ஃபெரியில், நீர்வழியைக் காவல் காத்த மேற்பார்வையாளருக்காக 1857இல் கட்டிய வீடு இப்போது பார்வையாளர் கூடமாக இருக்கிறது. அங்கே தன்னார்வப் பணியில் இருந்த மூதாட்டி, சுவரில் விரிந்த வரைபடத்தில் விரலால் கோடிழுத்துக் காட்டியபோது, காவலர்கள் நாள்தோறும் தம் பங்குத் தொலைவை நடந்து கசிவும் விரிசலும் தேடினார்கள் என்பதை விளக்கினார். நம்முடைய கண்மாய்களில் மடை திறந்து அடைத்து, கரையைக் காத்த நீர்க்கட்டியாரின் வேலை இது என்று சொல்லப்பட்டதும், அந்தச் சொல்லை இருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவர் எடுத்து வைத்த ஆப்பிள் சாறும், அதே சாற்றைக் கலந்து பொரித்துச் சர்க்கரை தூவிய வளைய வடிவப் பணியாரமும் ஹட்சன் பள்ளத்தாக்கின் இலையுதிர் காலத்து உணவு. பணியாரம் சூடாக இருந்தால் மட்டுமே பெருமைக்குரியது. ஆறிவிட்டால் வெறும் மாவு.

வான் கார்ட்லண்ட் பூங்கா

நகரத்தின் வடகோடியான பிராங்ஸில், நான்காம் எண் தொடர்வண்டியின் கடைசி நிலையம் உட்லான். அதற்கு வடக்கே, பெரிய கல்லறைத் தோட்டத்துக்கு அப்பால் இருக்கும் உட்லான் ஹைட்ஸ் அயர்லாந்துக்காரர்களின் குடியிருப்பு. தேநீரில் பால் விட்டுக் குடிக்கும் வழக்கத்தை இந்நகரத்தில் தேடிக் களைத்த தமிழருக்கு அங்கே ஆறுதல் கிடைக்கும். ஈஸ்ட் சேர்க்காமல் சமையல் சோடாவும் மோரும் கலந்து சுடும் அவர்களுடைய ரொட்டியை, கெட்டியான தேநீரில் தோய்த்து உண்ணும்போது, பழைய நீர்வழியின் மண்ணை வெட்டிச் சுமந்தவர்களில் பெரும்பாலோரும் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகளே என்பது நினைவுக்கு வருகிறது.

நிலையத்துக்கு மேற்கே, ஜெரோம் அவென்யூவை ஒட்டியிருப்பது மொஷோலு கோல்ஃப் திடல். அதன் ஒரு பகுதியில், பந்தை ஓங்கி அடித்துப் பழகுவதற்கான அகன்ற புல்வெளி உண்டு. மேடையில் வரிசையாக நின்று ஆட்கள் மட்டையை வீசுகிறார்கள். வெள்ளைப் பந்துகள் எழுந்து, தொலைவில் புல்லில் விழுந்து இரண்டு முறை குதித்து அடங்குகின்றன. அந்தப் பந்துகள் விழும் இடம் தரை இல்லை. ஒரு கட்டடத்தின் கூரை. ஏறத்தாழ ஒன்பது ஏக்கர் பரப்புள்ள அந்தக் கூரைக்குக் கீழேதான் குரோட்டன் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. நாளொன்றுக்கு 29 கோடி கேலன், அதாவது ஏறத்தாழ 110 கோடி லிட்டர் நீரைத் தூய்மையாக்கும் திறன் அதற்கு உண்டு. வாளி நிறையப் பந்துகளை வைத்துக்கொண்டிருந்த கொரிய முதியவர் ஒருவர், கீழே தண்ணீர் சம்பந்தமாக ஏதோ நடக்கிறது என்பது தமக்குத் தெரியும் என்றார். மேலும் கேட்டபோது, கழிவுநீர் என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்ததாகச் சொல்லிச் சிரித்தார்.

பொதுமக்கள் நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது என்பதால், அங்கே நடப்பதைப் புல்வெளியின் விளிம்பில் நின்று மனத்தில்தான் கண்டாக வேண்டும். 1890இல் திறக்கப்பட்ட, பழையதைவிடப் பெரிய புதிய குரோட்டன் நீர்வழி பாறைக்குள் ஆழமாகச் செல்கிறது. அதிலிருந்து கிளைக்கும் சுரங்கம் நீரை நிலையத்துக்குத் தருகிறது. முதலில் படிகாரக் கரைசல் கலக்கப்படுகிறது. நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒரே வகை மின்னூட்டம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே இருக்கும். படிகாரம் அந்த விலக்கத்தைத் தணிக்க, அவை ஒட்டிக்கொண்டு பஞ்சு போன்ற திரளைகளாகின்றன. மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்த நம் பாட்டிமார் கையாண்டதும் இதேபோன்ற உத்திதான்.

பானையில் திரளை கீழே படியும். குரோட்டனில் அதை மேலே எழச் செய்கிறார்கள். இலைச் சாற்றிலிருந்து உருவாகும் திரளை மிக இலேசானது. அது தானாகப் படியும்வரை காத்திருக்கப் பெரிய தொட்டிகளும் நிறைய நேரமும் வேண்டும். ஆகவே அழுத்தத்தில் காற்றைக் கரைத்த நீரைத் தொட்டியின் அடியில் பாய்ச்சுகிறார்கள். அழுத்தம் சட்டென்று குறையும்போது, கோலி சோடாவைத் திறந்ததும் பொங்குவது போல, ஆனால் அதைவிட மிக நுண்ணிய குமிழிகளாகக் காற்று வெளிப்பட்டு, நீரைப் பால் நிறமாக்கியபடி எழுகிறது. ஒவ்வொரு திரளையும் சில குமிழிகளைப் பற்றிக்கொண்டு மேற்பரப்புக்கு வந்து ஏடாகப் படர, அந்த ஏட்டை வழித்தெடுத்துவிடுகிறார்கள். கரைந்த காற்றால் மிதக்கவிடும் முறை என்று இதைச் சொல்லலாம். தெளிந்த நீர் அப்படியே கீழே, அதே தொட்டிக்கு அடியில் அடுக்கியிருக்கும் ஆந்த்ரசைட் என்ற கடின நிலக்கரியும் மணலும் கொண்ட வடிகட்டிப் படுகைக்குள் இறங்குகிறது. மிதப்பதும் வடிவதும் ஒன்றன்மேல் ஒன்றாக மாடிவீடு போல அமைந்ததால்தான், இவ்வளவு பெரிய நிலையத்தைப் பூங்காவின் ஒரு மூலைக்குள் அடக்க முடிந்தது.

வடிந்த நீர் அடுத்துப் புற ஊதாக் கதிர் விளக்குகளைக் கடக்கிறது. இந்தக் கதிர் கிருமியைக் கொல்கிறது என்பதைவிட, அதன் மரபுப் பொருளைச் சிதைத்து இனப்பெருக்கம் செய்ய முடியாதபடி ஆக்குகிறது என்பதே சரி. குளோரினுக்கு அடங்காத கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளுக்கு இது தேவைப்படுகிறது. பின்னர் குழாய்ப் பயணம் முழுவதும் காவலாகக் குளோரின், பல்லுக்காக ஃபுளூரைடு, பழைய வீடுகளின் ஈயக் குழாய்கள் அரிக்காமல் உட்புறம் மென்படலம் படியப் பாஸ்பேட் ஆகியவை சேர்க்கப்படுகின்றன.

இதில் வியப்புக்குரியது, நியூயார்க்கின் மற்ற நீர் இப்படி வடிகட்டப்படுவதே இல்லை என்பது. நகரத்தின் தேவையில் பெரும்பகுதி, வழக்கமாகத் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல், ஹட்சனுக்கு மேற்கே கேட்ஸ்கில் மலைகளிலிருந்தும் டெலவேர் ஆற்றின் தலைப்பகுதியிலிருந்தும் வருகிறது. அதற்குக் குளோரினும், 2013இல் திறந்த ஒரு பெரும் நிலையத்தில் புற ஊதாக் கதிரும் உண்டே தவிர, மணலும் கரியும் கிடையாது. 1989ஆம் ஆண்டின் கூட்டாட்சி விதி மேற்பரப்பு நீரை வடிகட்டுவதைக் கட்டாயமாக்கியபோது, நீர்ப்பிடிப்புப் பகுதியைப் போதிய அளவு காப்பவர்களுக்கு விலக்கும் அளித்தது. நகரம் 1997இல் மலையூர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டு, காட்டு நிலத்தை விலைக்கு வாங்கியும், பண்ணையாரின் எருக்குழிகளுக்கும் வீடுகளின் கழிவுத் தொட்டிகளுக்கும் பணம் கொடுத்தும் அந்த விலக்கைத் தக்கவைத்துக்கொண்டது. வடிகட்டாத நீரில் விநோதங்களும் உண்டு. கோப்பிபாட் என்ற, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நுண்ணிறால்கள் குழாய்நீரில் இருப்பது 2004இல் பேசப்பட்டபோது, ஓடுடைய நீருயிர்களை விலக்கும் வைதிக யூதர்களிடையே, அந்த நீரைக் குடிக்கலாமா என்று சமயச் சட்ட விவாதமே எழுந்து, பலர் வீட்டுக் குழாயில் வடிகட்டி பொருத்தினார்கள்.

குரோட்டனுக்கு விலக்குக் கிடைக்கவில்லை. அதன் நீர்ப்பிடிப்பு வெஸ்ட்செஸ்டர், பட்னம் ஆகிய புறநகர் மாவட்டங்களில் இருக்கிறது. வீடுகள், சாலைகள், புல்லுக்கு இடும் உரம் என்று அந்த நிலம் கைமீறிப் போய்விட்டிருந்தது. இலைநிறம் கொண்ட நீரில் குளோரினைக் கலந்தால் தீங்கான துணைப்பொருள்கள் உண்டாகும் என்பதும் சேர்ந்துகொண்டது. கூட்டாட்சி அரசு வழக்குத் தொடர, 1998இல் நகரம் நிலையம் கட்ட ஒப்புக்கொண்டது. 2015 மே மாதத்தில் அது இயங்கத் தொடங்கியபோது செலவு 320 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. கணித்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். காட்டைக் காத்த பக்கத்தில் விலக்கும், காக்கத் தவறிய பக்கத்தில் இந்தக் கட்டணச் சீட்டும் கிடைத்தன என்று கணக்கை முடித்துக்கொள்ளலாம். ஆனால் நூறாண்டுகளாகத் தங்கள் ஊரில் வீடு கட்டிக்கொண்ட வெஸ்ட்செஸ்டர் மக்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால், ஏரிக்கு நிலம் கொடுத்ததே நாங்கள்தான் என்பார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.

ஏன் மண்ணுக்கடியில் என்ற கேள்விக்கு விடை சட்டத்தில் தொடங்குகிறது. நியூயார்க் மாநிலத்தில் பூங்கா நிலத்தை வேறு பயனுக்கு எடுக்க மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். மேலே மீண்டும் புல் வளர்த்துவிடுவோம், ஆகவே ஒப்புதல் தேவையில்லை என்று நகரம் வாதிட்டது. பூங்காவின் நண்பர்கள் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001இல் அந்த வாதத்தைத் தள்ளியது. 2003இல் சட்டமன்றம் ஒப்புதல் தந்தபோது, பிராங்ஸின் பூங்காக்களுக்காக நகரம் 20 கோடி டாலருக்கு மேல் செலவிட வேண்டியதாயிற்று. கிரிம்ஷா கட்டடக்கலை நிறுவனமும் நிலத்தோற்ற வடிவமைப்பாளர் கென் ஸ்மித்தும் திட்டமிட்ட மேற்பரப்பில், மழைநீர் செடிகளடர்ந்த குட்டைகளின் வழியே வடிந்து சேர்ந்து புல்வெளிக்குப் பாய்கிறது. அக்குட்டைகளே நிலையத்தைச் சுற்றிய அகழியாகவும் நின்று, வேலியின் கடுமையைக் கொஞ்சம் மறைக்கின்றன.

இதே பூங்காவின் மேற்குப் பகுதியில் டிபெட்ஸ் ஓடை இருக்கிறது. பூங்காவுக்குள் இருக்கும் ஏரிவரை வெயிலில் ஓடிவரும் அந்த நல்ல நீர், அதற்குமேல் நூறாண்டுகளுக்கு மேலாகச் சாக்கடைக் குழாய்க்குள் விழுந்துகொண்டிருக்கிறது. அதை மீட்டு மறுபடி நிலத்தின்மேல் ஓடவிட நகரம் இப்போது திட்டமிட்டிருக்கிறது. மொஷோலு என்ற பெயரே அந்த ஓடைக்குத் தொல்குடிகள் வழங்கிய பெயர் என்பார்கள். பெயர் திடலுக்குப் போய்விட்டது. ஓடை குழாய்க்குப் போய்விட்டது.

ஜெரோம் பார்க்

பூங்காவுக்குத் தெற்கே நடக்கும் தொலைவில், பள்ளிகளுக்கும் கல்லூரிக்கும் நடுவே, குதிரைப் பந்தயத் திடல் இருந்த இடத்தில் 1906இல் அமைந்த ஜெரோம் பார்க் நீர்த்தேக்கம் கம்பிவேலிக்குள் கிடக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தை முதலில் இங்கே கட்டத்தான் எண்ணினார்கள், அக்கம்பக்கத்தார் விடவில்லை. வேலியை ஒட்டி நடக்கிறவர்களுக்கு நீர் துண்டு துண்டாகத்தான் தெரிகிறது. இங்கே நீண்ட நேரம் நிற்கக் காரணம் எதுவும் இல்லை.

ஹை பிரிட்ஜ்

மாத்தூர்த் தொட்டிப்பாலத்தைக் கண்டவருக்கு ஹார்லெம் ஆற்றின்மேல் நிற்கும் ஹை பிரிட்ஜ் உடனே புரிந்துவிடும். பழைய நீர்வழி பிராங்ஸிலிருந்து மன்ஹாட்டனுக்குள் நுழைய, 1848இல் ஜெர்விஸ் ரோமானிய பாணியில் பதினைந்து கல் வளைவுகள் கொண்டு எழுப்பிய இந்தப் பாலத்தில், நடைபாதைக்குக் கீழே குழாய்கள் சென்றன. கப்பல்களுக்கு வழிவிட 1920களின் இறுதியில் ஆற்று நடுவிலிருந்த ஐந்து கல் வளைவுகளை அகற்றி ஒற்றை எஃகு வளைவு வைத்தார்கள். இரண்டும் ஒட்டாமல் நிற்பது தொலைவிலிருந்தே தெரிகிறது. 1970கள் முதல் பூட்டிக் கிடந்த பாலம் 2015 ஜூனில் நடப்பவர்களுக்காகத் திறக்கப்பட்டது. மொஷோலுவின் புல்லுக்கடியில் புதிய நிலையம் இயங்கத் தொடங்கிய அடுத்த மாதம் அது. ஒன்றைத் திறந்தபோது ரிப்பன் வெட்டிக் கூட்டம் கடந்து சென்றது. மற்றொன்றின்மேல் ஆட்கள் பந்தடிக்கிறார்கள்.

மாலையில் பாலத்தைக் கடந்தவர்களில் துணிவெளுக்கும் கடைக்குச் சக்கரக் கூடையைத் தள்ளிச் செல்லும் பெண்களும், தலைக்கவசமின்றி மிதிவண்டி ஓட்டும் பையன்களும் இருந்தார்கள். மன்ஹாட்டன் பக்கத்துக் கூரைகளில் கூம்பு மூடி போட்ட மரத்தொட்டிகள் தெரிகின்றன. மலையிலிருந்து சரிந்து வரும் நீரின் அழுத்தம் ஏறத்தாழ ஆறாம் மாடிவரை தானாக ஏறும்; அதற்கு மேலான கட்டடங்கள் எக்கி வைத்து இத்தொட்டிகளை நிரப்பிக்கொள்கின்றன.

அந்தக் கரையான வாஷிங்டன் ஹைட்ஸில் டொமினிகன் குடியரசின் மக்கள் நிறைந்திருக்கிறார்கள். அங்கே ஓர் உணவகத்தில், வாழைக்காயைத் தடித்த வில்லைகளாக நறுக்கி, ஒருமுறை பொரித்து, தட்டி நசுக்கி, மறுபடியும் பொரித்துத் தரும் தோஸ்தோனெஸ் வருவதற்கு முன்பே, பனிக்கட்டி மிதக்கும் ஒரு குவளைக் குழாய்நீர் கேட்காமலே மேசைக்கு வந்துவிடுகிறது. கேன் தண்ணீரா, போத்தல் தண்ணீரா என்று கேட்கப்படுவதற்குப் பழகிய சென்னைவாசியின் கை குவளையருகே ஒரு கணம் தயங்கும். பரிமாறிய பெண் அந்தத் தயக்கத்தைப் பார்த்து, அருந்துங்கள், இது இந்த ஊரின் தண்ணீர் என்றார். இந்நகரத்தார் தம் பேகல் ரொட்டியின் மென்மைக்குக்கூட நீரே காரணம் என்று சாதிப்பவர்கள். அவர்கள் புகழும் மென்னீர் கேட்ஸ்கில் நீர். குரோட்டன் நீர் அதைவிடக் கடினமானது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

நாற்பத்திரண்டாம் தெரு

ஐந்தாம் அவென்யூவில் நாற்பதாம் தெருவுக்கும் நாற்பத்திரண்டாம் தெருவுக்கும் இடையே, இன்று பொது நூலகம் இருக்கும் இடத்தில், 1842இல் குரோட்டன் நீரின் விநியோகத் தேக்கம் நின்றது. எகிப்தியக் கோயில் போன்ற சரிந்த சுவர்கள், ஐம்பதடி உயரம், இருபத்தைந்தடி கனம், உள்ளே நான்கு ஏக்கர் ஏரி. சுவரின் உச்சியில் நடைபாதை இருந்ததால், ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்தார் நல்ல உடை உடுத்தி, தம் குடிநீரைச் சுற்றி உலா வந்தார்கள். நூற்றாண்டு முடியும் தறுவாயில் அதை இடித்தனர். 1911இல் நூலகம் திறந்தது. நூலகத்தின் தெற்கு முற்றத்துக்குள் கீழே இறங்கினால், பளிங்குக்கு அடியில், செதுக்காத முரட்டுக் கற்களாலான தேக்கத்தின் கடைக்கால் சுவர் இன்னும் தெரிகிறது. ஒரு மாணவர் அதன்மேல் முதுகைச் சாய்த்துப் படித்துக்கொண்டிருந்தார்.

வெளியே சற்றுத் தொலைவில், நடைபாதை ஓரத்தில், மார்பளவு உயரத்தில் சாம்பல் நிற இரும்புப் பெட்டி ஒன்று நின்றது. நகரம் முழுவதும் ஏறத்தாழ ஆயிரம் இடங்களில் இவை நிற்கின்றன. தெருவுக்கடியில் செல்லும் பெருங்குழாயிலிருந்து மாதிரி எடுப்பதற்கான கூடுகள். பணியாளர் ஒருவர் வந்து பூட்டைத் திறந்தார். உள்ளே இருந்த சிறு குழாயைச் சிறிது நேரம் ஓடவிட்டார். ஒரு சீசாவில் பிடித்து, இன்னொரு குப்பியில் மருந்திட்டுக் குலுக்கி, அது இளஞ்சிவப்பாவதைக் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பார்த்துக் குளோரின் அளவைக் குறித்துக்கொண்டார். சீசாவைப் பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு அவர் அடுத்த தெருவுக்குப் போன சில நிமிடங்களில், அவ்வழியே வந்த ஒருவர், கைப்பேசியில் பேசிக்கொண்டே, பாதி குடித்த காப்பிக் கோப்பையை அந்தப் பெட்டியின் தலையில் வைத்துவிட்டுச் சென்றார்.